ஏணி இல்லாத தாமிரன்

முதல் இதழ் என்று அட்டையில் போட்டிருந்ததுதான் ஈஸ்வரமூர்த்திக்கு முதல் எரிச்சல். எப்படி முதல் இதழ் ஆகும், நூற்றுப் பன்னிரண்டு இதழ் அவன் வீட்டு இரும்புப் பெட்டியில் பாச்சை உருண்டை வாசத்தோடு வரிசை குலையாமல் கிடக்கிறதே, அதெல்லாம் எதில் சேர்த்தி, நூற்றுப் பதின்மூன்று என்று போட்டிருந்தால் மை தீர்ந்துபோயிருக்குமா என்று காலை பதினொன்றரை மணிக்கு, கூரியர் உறையைக் கிழித்த கையோடு கேட்க ஆரம்பித்தவன், மத்தியானம் மூன்றே கால் ஆகியும் ஓயவில்லை. ஐம்பத்தோரு வயது ஆளை அவன் இவன் என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் காமிக்ஸ் கையில் இருக்கும்போது அவனுக்கு அவ்வளவு வயது ஆவதில்லை, சொல்பவரும் என்ன செய்வது. காங்கேயம் தாலுகா ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடை. இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் கிடையாது. மிஷின் மேல் துணி போர்த்தியாகிவிட்டது, ஃபேன் நின்றுபோய் மூன்று இறக்கையும் மூன்று பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறது, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு பிடுங்க முடியவில்லை. மின்சாரத்தை உடம்பில் ஓடவிடும் வீரனின் கதையைக் கரண்ட் இல்லாத நாளில் படிக்க நேர்ந்ததே என்று சிரிக்கலாம், ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. மூன்று தடவை படித்தாகிவிட்டது. மூன்று தடவையும் இருபத்து மூன்றாம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது புத்தி. அந்தப் பக்கத்தில் தாமிரன் மின்கம்பத்தின் உச்சியில் நிற்கிறான், கீழே ஊர் முழுக்க இருட்டு, பின்னால் நிலா. எப்படியடா ஏறினாய் என்று கேட்டான் ஈஸ்வரமூர்த்தி, சத்தமாகவே கேட்டுவிட்டான் போல, பக்கத்து டீக்கடை ராசு எட்டிப் பார்த்து, "என்னுங்க மூர்த்தி, கூப்புட்டீங்களா" என்றான். இல்லீங்க என்று தலையாட்டியாகிவிட்டது.

இளவேனிலின் குரல் வாட்ஸாப்பில் இன்னும் அப்படியே கிடக்கிறது, நாலு தடவை கேட்டாயிற்று, ஐந்தாவது தடவை கேட்டால் மட்டும் வேறு மாதிரி சொல்லிவிடுவாளா. "அண்ணே, வணக்கம். புக்கு வந்துருச்சா? நம்ம கோட்டான் குரூப்புல எல்லாரும் உங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. காங்கேயம் அண்ணே சொல்லட்டும், அப்புறம் சந்தா கட்டுறோம்னு பாதிப் பேரு உக்காந்திருக்காங்க. ஆயிரம் சந்தா இருந்தாத்தான் ரெண்டாவது புக்கு அடிக்க முடியும்ணே, இப்ப அறுநூறுதான். பிரஸ்ல சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லச் சொல்லிட்டாங்க, இல்லன்னா காலண்டர் வேலைய ஏத்திருவாங்க. நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாங்களோ அத நீங்க சொல்லுங்க." கடைசி வாக்கியத்தில்தான் கழுத்தைப் பிடிக்கிறாள். அவள் அப்பா ராஜநாயகம், சிவகாசியில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு பதின்மூன்று வருடம் கோட்டான் காமிக்ஸை நடத்தியவர், கதை எழுதி, பேனாவால் எழுத்துக் கோத்து, வாசகர் கடிதத்துக்கெல்லாம் பதில் போட்டு, கடைசியில் தொண்ணூற்று ஒன்பதில் ஒரு அரைப் பக்க அறிவிப்போடு மூடியவர். அவர் போய்ச் சேர்ந்து, இப்போது மகள் வேலையை விட்டுவிட்டு வந்து தூசி தட்டுகிறாள். நல்ல பெண். நல்ல பெண்ணாக இருப்பதுதான் தொல்லை, கெட்டவளாக இருந்தால் நாலு வரியில் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். நன்றாக இல்லை என்று சொன்னால் அந்த நானூறு பேர் வர மாட்டார்கள், இரண்டாவது புத்தகம் வராது, இருபத்தைந்து வருடம் கழித்து வந்த தாமிரன் ஒரே புத்தகத்தோடு மறுபடி செத்துப்போவான், அவனைக் கொன்றது காங்கேயம் ஈஸ்வரமூர்த்தி. நன்றாக இருக்கிறது என்று சொன்னாலோ, அந்த வாயால் இனிமேல் எதைச் சொல்வது.

அருமை என்று ஒரு முறை தட்டிப் பார்த்தான். அழித்தான். அட்டகாசம். அதையும் அழித்தான். வழவழத் தாள், விரல் பட்ட இடமெல்லாம் வியர்வை ரேகை, பழைய தாள் இப்படியா, சாணித்தாள், வியர்வையைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அளவு என்ன அளவு, உள்ளங்கை அளவு புத்தகத்தை இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவன் அவன், இதை எதற்குள் வைப்பது, தாம்பாளத்தில்தான் வைக்க வேண்டும். உடம்பைப் பார், சிக்ஸ் பேக்காம், வயிற்றில் ஆறு கட்டி, லைன்மேனுக்கு எங்கேயாவது வயிற்றில் ஆறு கட்டி இருக்குமா. பழைய தாமிரன் லைன்மேன் தங்கவேலு, மழையில் அறுந்த கம்பியைத் தொட்டு, சாகாமல் செம்பாக மாறியவன், கம்பத்தில் ஏறி ஒயரைக் கையில் பிடித்தால்தான் பலம் வரும், இறங்கினால் சாதாரண ஆள், பசிக்கும், தடுமம் பிடிக்கும். இவன் என்னடா என்றால் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் பிறக்கிறான், பறக்கிறான், பறந்துகொண்டே நான் யார் தெரியுமா என்று கேட்கிறான். பழையவன் ஒரு தடவைகூட நான் யார் தெரியுமா என்று கேட்டதில்லை, கம்பத்திலிருந்து இறங்கி, "லைன் சரியாயிடுச்சு, சுவிட்சைப் போடுங்க" என்பான், அவ்வளவுதான், கதை முடிந்துவிடும். இதில் பாதியை மகன் கவினிடம் போன வாரம் போனில், அட்டைப்படம் வந்த அன்றைக்கே புலம்பியாயிற்று. பெங்களூரிலிருந்து அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, அது உங்களுக்குப் போடலப்பா" என்றான். யாருக்குப் போட்டிருக்கிறார்கள் பின்னே. குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள். கரூர்க்காரருக்குப் பேரன் பிறந்துவிட்டது. எல்லாருக்கும் ஊரோடு சேர்த்துத்தான் பெயர், கடிதத்தில் அப்படித்தான் போடுவார்கள், நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது, எழுத்தைப் பார்த்தால் தெரியும். இவர்களுக்குப் போடவில்லை என்றால் யாருக்கு. ஒருவேளை எனக்குத்தான் கண் கெட்டுப்போச்சா, புதிதாக எது வந்தாலும் குறை சொல்கிற கிழவனாகிவிட்டேனா என்ற பயம் ஒரு நிமிடம் வந்து போனது. ஆனால் இல்லை, தாளும் அளவும் வயிற்றுக் கட்டியும் பொறுத்துக்கொள்ளலாம், அவன் தேடியது வேறு ஒருத்தனை. ஏகாம்பரம் எங்கே.

"ஏனுங், ஆதார் ஒரு ஜெராக்ஸ் எடுக்கோணுமுங்" என்று ஒரு அம்மா படியேறி வந்து நின்றது. கரண்ட் இல்லீங்கம்மா, அஞ்சு மணி ஆகுமுங்க என்றான். "ஆபீஸ்ல அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்களே" என்றது அந்த அம்மா. அதற்கு அவன் என்ன செய்ய முடியும், இருந்தாலும் அவன்தான் கரண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. ஏகாம்பரம். குள்ளம், தொந்தி, அரைக்கால் சட்டை, தோளில் எப்போதும் ஒரு மூங்கில் ஏணி. தாமிரனுக்குப் பறக்கத் தெரியாது, கம்பத்தில் ஏற ஏணி வேண்டும், ஏணியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவன் ஏகாம்பரம், எப்போதும் ஒரு கட்டம் தாமதமாகத்தான் வருவான், வந்ததும் ஏணி யார் தலையிலாவது இடிக்கும். புதுப் புத்தகத்தில் கூட்டம் இருக்கிற கட்டங்களை எல்லாம் விரலை வைத்துத் தேடினான், பஸ் ஸ்டாண்டு கட்டம், தீப்பிடித்த மில் கட்டம், ஆஸ்பத்திரி கட்டம், ஒரு மூலையில் ஏணியின் நுனியாவது தெரியாதா என்று. தெரியவில்லை. ஏன் எடுத்தார்கள், யாரைக் கேட்டு எடுத்தார்கள், எந்தப் புத்திசாலி சொன்னான். ஏணியை எடுத்துவிட்டால் அவன் தரையிலிருந்து ஏறுகிற ஆளே இல்லையே. ஏணி என்று நினைத்த மாத்திரத்தில் மூலனூர் மேல்நிலைப் பள்ளி கேட் வந்து நின்றது, வேண்டாம் என்றான், நின்றுகொண்டே இருந்தது. கேட்டுக்குள் ஏணி முதலில் வரும், ஆள் அப்புறம் வருவார். காதோரம் சுண்ணாம்பு, புருவத்தில் சுண்ணாம்பு, கையில் வாளியும் மட்டையும். பதினோராம் வகுப்பு படிக்கும்போது பொங்கலுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க அப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஏகாம்பரம் வர்றான்டா என்று எவனோ ஒருத்தன் ஆரம்பித்தான், பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சுற்றுக்கு விட்டவனே ஈஸ்வரமூர்த்திதான், அவனால்தான் அத்தனை பேருக்கும் ஏகாம்பரத்தைத் தெரியும். அவனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் மகன் என்று தெரிந்துவிடும், எல்லோருக்கும் தெரியும்தான், இருந்தாலும் சிரித்தான். அப்பா சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்து, தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் காலைக் கழுவிக்கொண்டே, "ஏஞ்சாமி, அதாரு ஏகாம்பரம்?" என்றார். யாருமில்லைங்கப்பா என்றான்.

போதும். மணி நாலு. ராசு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அதென்னுங்க பொழுதானைக்கும் ஒரே பொஸ்தகத்தையே மொறச்சுப் பாத்துட்டு இருக்கறீங்க, அதுல என்ன எழுதியிருக்குதோ போங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது குரூப்பைத் திறந்தால், நம்பியூர்க்காரர் காங்கேயம் அண்ணா என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார், அதற்குக் கீழே பதினாலு பேர் கட்டை விரல் காட்டியிருக்கிறார்கள். இளவேனில் ஒன்றும் கேட்கவில்லை, காலையில் சொன்னதோடு சரி, அதுவும் ஒரு நெருக்கடிதான். எழுது, ஈஸ்வரமூர்த்தி, வழக்கம்போல எழுது, அன்புள்ள ஆசிரியருக்கு என்று ஆரம்பி. அன்புள்ள ஆசிரியருக்கு, தங்கள் தாமிரன் இதழ் கிடைத்தது. கிடைத்தது, அப்புறம். படங்கள் நன்றாக இருந்தன. நன்றாகத்தான் இருக்கின்றன, பொய் இல்லை, வரைந்த பையன் கெட்டிக்காரன். வண்ணம் கண்ணைப் பறிக்கிறது. சரி. ஆனால். ஆனால் என்பதற்கு அந்தப் பக்கம் வார்த்தை வர மறுக்கிறது, நாக்கில் பல் படுகிற மாதிரி அதே இடத்தில் இடிக்கிறது. ஏகாம்பரம் இல்லாதது குறை என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், அவன் இல்லாவிட்டால் என்ன, கோமாளிதானே, நகைச்சுவைக்கு வைத்த ஆள்தானே என்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது. ஏகாம்பரம் இல்லாவிட்டால் தாமிரன் யாரிடம் பேசுவான் என்று எழுதலாம், நல்ல வரிதான், ஆனால் அதுவா காரணம். எரிச்சல் காரணத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, ஒரு புத்தகத்தின் மேல் இவ்வளவு கோபம் வருமா ஒரு மனுஷனுக்கு. கல்யாணம் பேசும்போதுகூட அவன் இவ்வளவு வேர்த்ததில்லை. அப்பா என்ன பண்றாருங்க என்று மனைவி வசந்தாமணியின் மாமா கேட்டார், பெயின்டிங் கான்ட்ராக்டுங்க என்றான், அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஆமாங்க என்று அவரும் சொன்னார், கையை மடித்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். கவினுக்கும் தாத்தா பெயின்டிங் கான்ட்ராக்டர்தான்.

இன்னும் ஒரு வழி இருந்தது, ஆனால் அது அவன் சட்டத்துக்கு விரோதம். தன் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை வாசகர் பக்கத்தைத் திறக்கக் கூடாது, மற்றவர் கருத்து ஒட்டிக்கொள்ளும். எண்பத்தெட்டிலிருந்து ஒரு தடவையும் மீறியதில்லை. புத்தகம் வந்ததும் கடைசி நாலு பக்கத்தைச் சேர்த்து கிளிப் போட்டுவிடுவான், இன்றைக்கும் போட்டிருக்கிறான், மூன்று தடவை படித்தும் அந்த நாலு பக்கம் படிக்கவில்லை. அவன் தலைமுறையில் அப்படி இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள், வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். நாலு இருபதுக்கு கிளிப்பைக் கழற்றினான். பழைய கோட்டான் படம், அதன் கீழே இளவேனிலின் வார்த்தைகள். அப்பா எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போட்டதில்லை, பதினேழு சாக்கு, எல்லாவற்றையும் படித்தேன், நீங்கள் அன்று கேட்டதை எல்லாம் இன்று தந்திருக்கிறேன், இந்தத் தாமிரனை உருவாக்கியவர்கள் நீங்கள்தான். அப்புறம் கடிதங்கள், அச்சுக் கோத்தவை அல்ல, அப்படியே படமாக, அவரவர் கையெழுத்தோடு. வண்ணத்தில் வேண்டும் என்று கரூர்க்காரர். பெரிய அளவில் வேண்டும் என்று நம்பியூர்க்காரர். மூன்றாவதாக, பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, ஒரு நீல இன்லேண்ட் லெட்டர். தலையை இடப்பக்கம் சாய்த்து நடக்கிற அந்த எழுத்தை அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஆசிரியர் அவர்களுக்கு, ஏகாம்பரத்தை உடனே நீக்கிவிடவும். ஏணி தூக்குபவன் கதையில் இருப்பது கேவலமாக உள்ளது. எங்கள் வகுப்பில் அனைவரும் சிரிக்கிறார்கள். தாமிரனுக்கு ஏணி எதற்கு, அவனைப் பறக்க விடவும். இப்படிக்கு, எஸ். ஈஸ்வரமூர்த்தி, பதினோராம் வகுப்பு, மூலனூர். கீழே இளவேனில் எழுதியிருந்தாள்: முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே தாமிரனைப் பறக்கச் சொன்ன எங்கள் ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு, இந்த இதழ்.

மறந்திருந்தான் என்று சொல்ல முடியாது, எழுதியது ஞாபகம் இருந்தது, அது அச்சில் வராததால் நடக்காத மாதிரி ஆகியிருந்தது, தபாலில் தொலைந்திருக்கும் என்று தன்னை நம்பவைத்திருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ கிறுக்கியிருந்தது, பொடி எழுத்து, வழக்கமான நாளாக இருந்தால் மிஷினில் வைத்து இரண்டு மடங்காக்கிப் படித்துவிடலாம். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தின் மேல் ஏற்றி இறக்கினான், பெஞ்சிலிருந்த அம்மா நகர்ந்து இடம் விட்டது. ராஜநாயகத்தின் எழுத்து. வெளியிட வேண்டாம், பின்னால் இவனே வருத்தப்படுவான். அவ்வளவுதான், கீழே ஒரு சுழி. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு மனுஷர், சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பதினாறு வயதுப் பையனின் முகத்தை மூடி வைத்திருக்கிறார். மகள் அன்பாகத் திறந்து ஆர்ட் பேப்பரில் போட்டுவிட்டாள், அந்தச் சிவப்பைக் கறை என்று நினைத்தாளோ என்னவோ. அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இத்தனை நேரம் வந்த எரிச்சலைவிடப் பெரிய எரிச்சல். காலையிலிருந்து யார் எடுத்தார்கள், எந்தப் புத்திசாலி சொன்னான் என்று கடை அதிரக் கேட்டுக்கொண்டிருந்தானே, இவன்தான் அந்தப் புத்திசாலி. இனி கோபப்படக்கூட அவனுக்குப் பாத்தியதை இல்லை. அருமை என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும், சந்தா வரும், புத்தகம் வரும், அவனுக்கும் பெருமை, பதினாறு வயதிலேயே பறக்கச் சொன்ன ஆள் என்று. ஏகாம்பரம் வரவே மாட்டான், அவ்வளவுதான். அப்பாவும் கான்ட்ராக்டராகவே இருந்துவிடுவார்.

நாலு ஐம்பதுக்குக் குரூப்பில் மைக்கை அழுத்தினான். எழுதத் தெரிந்தவனுக்கு எழுத்து வரவில்லை, என்ன செய்ய. அந்த அம்மா பக்கத்திலேயே இருந்தது, ராசு டம்ளர் எடுக்க வந்து நின்றான், இருக்கட்டும் என்று பேசினான். "வணக்கமுங்க, காங்கேயம் ஈஸ்வரமூர்த்தி பேசறனுங்க. பொஸ்தகம் படிச்சிட்டன். படம் நல்லாருக்குது. ஆனா இது தாமிரன் இல்லீங்க. ஏகாம்பரம் இல்லாத தாமிரன் தாமிரனே இல்ல. தப்பு இளவேனிலுது இல்லீங்க, என்னுது. அறுவத்திரெண்டாம் பக்கத்துல என்ற லெட்டரு இருக்குது, பாருங்க. ஏன் அப்பிடி எழுதுனன்னா, எங்கப்பா ஏணி தூக்குனவரு. மூலனூர்ல ஊடு ஊடாப் போயிச் சுண்ணாம்பு அடிப்பாரு. பசங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சன். அதுக்குத்தான் எழுதுனன். இளவேனிலு, உங்கப்பா ஓரத்துல செவப்பு மையில எழுதியிருக்கறத வெளிச்சத்துல வெச்சுப் படிச்சுப் பாரு கண்ணு. நான் சொல்லி எடுத்த ஆளை நானே கேக்கறன், ரெண்டாவது பொஸ்தகத்துல ஏகாம்பரம் வரோணும். அது வரோணும்னா ரெண்டாவது பொஸ்தகம் வரோணும். சந்தா கட்டாதவிங்க இப்பவே கட்டிப்போடுங்க." விரலை எடுத்தான். ஒன்றே கால் நிமிடம். திரும்பப் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்டால் அழித்துவிடுவோம் என்று தெரியும். அந்த அம்மா ஆதார் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ராசு டம்ளரை எடுக்காமல் நின்றான். அப்பா செத்துப் பதினாறு வருடம் ஆகிறது, அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்து நாலு பேருக்கு முன்னால் சொன்னது அன்றைக்குத்தான்.